வயதானவர்களுக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நர்ஸ். அவசரப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன், இப்போது வெளிநோயாளிப் பிரிவில் இருக்கிறேன். ஈ.சி.ஜி. எடுக்கப் படுக்க வைக்கும்போதும், ரிசல்ட்டுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதும், மருந்துச் சீட்டோடு கிளம்பும்போதும் வீட்டார் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். 'வயதானவர்' என்று நான் சொல்வது சுமார் அறுபதைத் தாண்டியவர்களை. இந்த நிமிஷமே வலியோடு யாராவது பக்கத்தில் இருந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம், நேராக 3-ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. "நெஞ்சு வலின்னாலே ஹார்ட் அட்டாக்தானே சிஸ்டர்?"

இல்லை. வலிக்கக்கூடிய பொருள் நெஞ்சில் நிறையவே இருக்கிறது. இதயம், அதைச் சுற்றியுள்ள உறை, நுரையீரல், அதன் உறை, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, உணவுக்குழாய், விலா எலும்பு, குருத்தெலும்பு, தசை, நரம்பு, தோல் என்று பட்டியல் நீளும். வயிற்றுக்குள் இருக்கும் பித்தப்பையும் இரைப்பையும்கூட வலியை மேலே அனுப்பும். நெஞ்சு வலி என்று அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் மாரடைப்பு இருப்பதில்லை.

ஆனால் வயது கூடக்கூட ஆபத்தான காரணங்களின் பங்கும் கூடும். இருபது வயதுப் பையனுக்கு ஒரு விநாடி சுருக்கென்று குத்திவிட்டுப் போனால் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. அதே குத்தல் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு முதல் தடவையாக வந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுக்காமல் யாரும் பெயர் வைக்கக் கூடாது. முதலில் ஆபத்தானவை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், 'வாயு', 'சுளுக்கு' எல்லாம் அதற்கு அப்புறம்தான். நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

2. "குத்துற வலின்னா பயமில்ல, அழுத்துற மாதிரி இருந்தாத்தான் ஹார்ட்டுன்னு சொல்றாங்களே?"

பாதி உண்மை. இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலி பெரும்பாலும் பாரம் வைத்த மாதிரி, இறுக்கிப் பிடித்த மாதிரி, நடு நெஞ்சில் இருக்கும். இடது கை, இரண்டு கைகள், தாடை, கழுத்து, முதுகு, மேல் வயிறு என்று பரவலாம். நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, சில விநாடி மட்டும் இருக்கிற, மூச்சிழுத்தாலோ திரும்பினாலோ மட்டும் வருகிற குத்தல் இதயத்திலிருந்து வரும் வாய்ப்பு குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2021-ல் வெளியிட்ட நெஞ்சு வலி வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. ஆனால் 75 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறல், மயக்கம், திடீர் மனக்குழப்பம், காரணமில்லாமல் கீழே விழுவது இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் மாரடைப்பைச் சந்தேகிக்கச் சொல்கிறது.

நான் வார்த்தையைவிடக் கையைத்தான் கவனிப்பேன். எல்லா வலிக்கும் 'குத்துது' என்றே சொல்லும் பெரியவர்கள் நிறைய. எங்கே என்று கேட்டால் உள்ளங்கையை விரித்து நடு நெஞ்சில் வைப்பார்கள், இல்லையென்றால் முஷ்டியை வைத்து அழுத்துவார்கள். அப்போது வாய் என்ன சொன்னாலும் நான் ஈ.சி.ஜி. மிஷினைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

3. "எப்போ உடனே ஓடணும், எப்போ காலைல பாத்துக்கலாம்?"

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் உடனே கிளம்புங்கள். வலி பத்து நிமிஷத்துக்கு மேல் நீடிப்பது, விட்டு விட்டு வந்தாலும் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போவது. குளிர்ந்த வியர்வை. மூச்சு வாங்குவது. மயக்கம், கண் இருட்டுவது. வாந்தி. கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவுவது. திடீரென்று கிழித்த மாதிரி ஆரம்பித்து முதுகுக்குப் போகும் வலி. இருமலில் ரத்தம். ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பது. உதடு நீலம் பூப்பது. பேச்சு குழறுவது, ஆளே தடுமாறுவது. ஏற்கெனவே ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்கள் என்றால் பழைய வலியைப் போலவே இருப்பது.

ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சொந்த வண்டி இருக்கிறதே என்று நோயாளியே ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். டூ வீலரில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வருவதும் வேண்டாம், வழியில் மயங்கினால் எதுவும் செய்ய முடியாது. மாடிப்படி இறங்கி நடக்கவும் விடாதீர்கள், நாற்காலியோடு தூக்குங்கள். வண்டி வருவதற்குள் ஆள் சுயநினைவு இழந்து மூச்சும் சரியாக இல்லையென்றால் தரையில் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிறுத்தாமல் அழுத்துங்கள். விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல், சில விநாடி குத்திவிட்டு நின்றுபோய், ஆள் தெம்பாகப் பேசி நடமாடினால் காலைவரை பார்க்கலாம். காலையில் போக வேண்டும். 'சரியாப் போச்சே' என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளக் கூடாது.

4. "அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. வலியே இல்லாமக்கூட அட்டாக் வருமாமே?"

வரும். பல வருஷச் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்து வலி உணர்வை மழுக்கிவிடும். வயது தனியாக அதே வேலையைச் செய்யும். வெறும் மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, வியர்த்துக் கொட்டுவது, குமட்டல் என்றுதான் தெரியும். பெண்களுக்கும் இந்த மாதிரி வருவது அதிகம். ஆகவே சர்க்கரைக்காரர் 'லேசாத்தான் குத்துது' என்றால் வலியின் அளவை வைத்து எதையும் எடை போடாதீர்கள். வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று இனிப்புக் கொடுப்போம். சர்க்கரை குறைந்ததா என்று மிஷினில் பாருங்கள். குறையவில்லை என்றால் 3-ஆம் பதில்தான்.

5. "மூச்சை இழுத்தா சுருக்குனு குத்துது. மூச்சுப் பிடிப்புதானே, ஒத்தடம் கொடுத்தா போதாதா?"

பாதிப் பேருக்கு அது நிஜமாகவே விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தசையின் பிடிப்பாக இருக்கும். தண்ணீர்க் குடம் தூக்கியது, கட்டிலை நகர்த்தியது, ஒரு வாரம் விடாமல் இருமியது என்று கேட்டால் காரணம் கிடைத்துவிடும். அப்படியானால் ஒத்தடம் சரி.

சிக்கல் என்னவென்றால், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை அழன்றாலும் இதே மாதிரிதான் இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது, இருமும்போது, தும்மும்போது கத்தி செருகிய மாதிரி. அதற்குக் காரணம் நிமோனியாவாக இருக்கலாம். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று பேத்துவது, மூச்சு வேகமாக ஓடுவது இவைதான் முதல் அடையாளமாக இருக்கும். நம் ஊரில் காசநோயையும் மறக்கக் கூடாது. நுரையீரல் உறைக்குள் நீர் கோக்கும் காசநோய் இப்படி ஒரு பக்கக் குத்தலோடும் மாலைக் காய்ச்சலோடும்தான் ஆரம்பிக்கும். ஓர் எக்ஸ்ரேயிலேயே நீர் தெரிந்துவிடும்.

பல வருஷம் பீடி, சிகரெட் குடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு இன்னொன்று: நுரையீரலின் மேல் ஒரு குமிழ் வெடித்து காற்று வெளியே கசிந்து நுரையீரலே சுருங்கிவிடுவது. இருமிய நொடியில் ஒரு பக்கம் குத்தி, உடனே மூச்சு வாங்கத் தொடங்கும். இளவயதில் தாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே பாதி நுரையீரலில் ஓட்டிக்கொண்டிருப்பவருக்குத் தாங்காது. அவசரம்.

6. "அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத்தான் இருந்தாங்க. இப்போ திடீர்னு நெஞ்சு குத்துது, மூச்சு வாங்குது. பலவீனமா?"

பலவீனம் என்று நினைத்து இளநீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூட்டிக்கொண்டு போங்கள். முட்டி, இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு, அல்லது எலும்பு முறிந்து, காய்ச்சலில், பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த பிறகு காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலின் குழாயை அடைத்தால் வருவதுதான் இது. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் ஆபத்து அதிகம், மூன்று மாதம் வரைக்கும் மனதில் வைத்திருக்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இது வரும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகும் சிலருக்கு வரும்.

கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ வலியோ இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் இல்லையென்றால் இது இல்லை என்று முடிவு கட்ட முடியாது. டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அது வயதோடு இயல்பாகவே கூடும் என்பதால் 50-ஐத் தாண்டியவர்களுக்கு வயதைச் சேர்த்துத்தான் அளவு பார்க்கிறார்கள். இப்போதுதான் ஆபரேஷன் ஆனவர்களுக்கு எப்படியும் கூடுதலாகத்தான் காட்டும், அதனால் அவர்களைப் பெரும்பாலும் நேரே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். 'ரத்த டெஸ்ட்டே போதுமே, ஸ்கேன் எதுக்கு' என்று அங்கே சண்டை போட வேண்டாம்.

7. "அந்த இடத்தைத் தொட்டு அழுத்தினா வலிக்குது. அப்போ எலும்புதானே?"

பெரும்பாலும் ஆமாம். மார்பெலும்பும் விலா எலும்பும் சேரும் இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு அழன்றால் இப்படி இருக்கும். நெஞ்சின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, விரல் நுனியால் காட்டும்படி வலி இருக்கும், புரண்டு படுத்தால் குத்தும். ஆபத்தில்லை, ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். கழுத்து, முதுகுத் தண்டு தேய்மானத்தால் நரம்பு நசுங்கி முன்பக்கம் குத்துவதும் உண்டு.

வயதானவர்களிடம் இதில் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, எலும்பு முறிவு. எலும்பு மெலிந்தவர்களுக்கு, அதிலும் வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, ஒரு பலத்த இருமலே விலாவில் விரிசல் விடப் போதும். பாத்ரூமில் வழுக்கியதைப் பிள்ளைகளிடம் சொன்னால் திட்டுவார்களே என்று மறைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து 'நெஞ்சு குத்துது' என்று மட்டும் சொல்வார்கள். விலா முறிந்தால் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், சளி தேங்கி நிமோனியாவில் முடியும். அதனால் வலியைக் குறைத்து ஆழமாக மூச்சு விட வைப்பதுதான் சிகிச்சை. நெஞ்சைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டுவது தவறு.

இன்னொன்று, அழுத்தினால் வலிப்பதாலேயே இதயம் விடுதலை ஆகிவிடாது. மாரடைப்பு வந்தவர்களிலும் சிலருக்கு நெஞ்சை அழுத்தினால் வலிக்கும். கூடவே 3-ஆம் பதிலில் உள்ள ஏதாவது இருந்தால் அழுத்திப் பார்த்ததை மறந்துவிடுங்கள்.

8. "ஜெலுசில் குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, வலி போயிடுச்சு. அப்போ வாயுதானே?"

அவசரப் பிரிவுக்குத் தாமதமாக வரும் குடும்பங்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. ஓமத் தண்ணீர், சோடா, பெருங்காய மோர், ஜெலுசில் எல்லாம் ஒரு சுற்று முடிந்து, விடிந்த பிறகுதான் கிளம்புவார்கள். மாரடைப்பு வலி தானாகவே ஏறி இறங்கும். இறங்கும் நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியதாகத் தோன்றும். மாரடைப்பிலும் குமட்டலும் ஏப்பமும் வரும், இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்படும்போது குறிப்பாக. அமிலத்தைத் தணிக்கும் மருந்தில் வலி குறைந்தது என்பதை வைத்து டாக்டர்களே முடிவெடுப்பதில்லை.

நிஜமாகவே உணவுக்குழாயிலிருந்து வரும் வலியும் உண்டு. சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சு எரிந்து, புளிப்பாக மேலே வந்தால் அமிலம் எதிர்த்து வருகிறது. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து வலது தோளுக்குப் போனால் பித்தப்பைக் கல்லைத் தேடுவார்கள். விழுங்கும்போது மட்டும் நடு நெஞ்சில் கூர்மையாகக் குத்தினால் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். எலும்புக்காக வாரம் ஒரு முறை தரும் அலெண்ட்ரோனேட், தொற்றுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் போன்றவை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்து இருப்பது, அவ்வளவுதான் வழி. இதைச் சொல்லித் தர யாருக்கும் நேரமில்லாததால் வரும் நெஞ்சு வலி கணிசம்.

9. "ஒரு பக்கமா எரிச்சலோட குத்துது. சேலை பட்டாக்கூடத் தாங்கல. வெளிய ஒண்ணுமே தெரியல."

இரண்டு மூன்று நாள் தோலைத் தினமும் பாருங்கள், முதுகையும் சேர்த்து. அக்கியாக இருக்கலாம். சின்னம்மை வந்துபோன பிறகு அந்தக் கிருமி நரம்பு வேரில் உறங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது எழுந்து வரும். கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே வலி தொடங்கிவிடுவதால்தான் குழப்பம். முதுகிலிருந்து நெஞ்சுக்குப் பட்டை போட்ட மாதிரி, உடம்பின் ஒரு பாதியில் மட்டும் வரும். நடுக்கோட்டைப் பொதுவாகத் தாண்டாது.

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம். காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. நம்பிக்கை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். புண் உடைந்திருந்தால் மட்டும் அதன் மேல் எதையும் பூச வேண்டாம். ஆனால் மாத்திரையை அதற்காகத் தள்ளிப் போட்டால் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி தங்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது, வயதானவர்களுக்கு அது அதிகம். 50 வயதுக்கு மேல் போட்டுக்கொள்ள ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு ஊசி. விலை கூடுதல்தான்.

10. "படுத்தா வலி கூடுது, முன்னாடி சாஞ்சு உட்கார்ந்தா குறையுது. இது என்ன கணக்கு?"

இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி இருந்தால் அப்படி இருக்கும். கூர்மையான வலி, மூச்சிழுத்தாலும் கூடும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, மாரடைப்புக்குப் பிறகு, பைபாஸ் ஆகிச் சில வாரங்களில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, காசநோயில் என்று பல வழிகளில் வரும். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்த்தால் தெரியும், உறைக்குள் நீர் சேர்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். அமிலம் மேலே வருவதும் படுத்தால் கூடும் என்பதால் இதை வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம்.

11. "வீட்ல ஆஸ்பிரின் இருக்கு, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் இருக்கு. கொடுத்துடலாமா?"

முதல் வேலை 108-க்கு அழைப்பது, மாத்திரை அதற்குப் பிறகு. ஆள் பேசும் நிலையில் இருந்து, வலி மாரடைப்பு மாதிரி இருந்தால், 300 மி.கி. அளவுக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. மெல்ல வேண்டும், அப்படியே விழுங்கினால் மேல் பூச்சுள்ள மாத்திரை கரைய நேரமாகும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் மருந்தில் இருப்பவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கும் முன் ஆம்புலன்ஸில் பேசுபவரிடமோ டாக்டரிடமோ கேட்க வேண்டும்.

இங்கேதான் 'குத்துகிற' வலி விஷயம் முக்கியமாகிறது. பெருந்தமனியின் உள்சுவர் கிழிவது என்று ஒன்று இருக்கிறது. பல வருஷம் பி.பி. கட்டுப்படாதவர்களுக்குப் பெரும்பாலும் வரும். வலி மெதுவாக ஏறாது, முதல் நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். நெஞ்சிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ கிழிக்கிற, குத்துகிற மாதிரி. இரண்டு கைகளிலும் பி.பி. வேறு வேறாகக் காட்டலாம், ஒரு கை கால் மரத்துப்போகலாம். இதற்கு ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுத்தால் கேடு. அதனால் திடீரென்று கிழித்த மாதிரி வலி வந்தால் ஆஸ்பிரினைத் தொடாமல் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட், அவருக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மாத்திரையைக் கடன் வாங்க வேண்டாம். அது பி.பி.யைச் சட்டென்று இறக்கும், உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எடுத்திருந்தால் இதைக் கொடுக்கவே கூடாது. சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடலாஃபில் என்றால் 48 மணி நேரம் இடைவெளி வேண்டும். பிள்ளைகள் முன்னால் இதை அப்பாக்கள் சொல்ல மாட்டார்கள், தனியாகக் கேளுங்கள். மாத்திரை வைத்ததும் வலி குறைந்தால் அது இதயம்தான் என்றும் அர்த்தமில்லை. உணவுக்குழாய் இழுத்துப் பிடிக்கும் வலியும் அதற்குக் குறையும்.

தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் அங்கே முதலில் நிறுத்துவது நேரத்தை வீணாக்குவதல்ல.

12. "ஈ.சி.ஜி. நார்மல்னு சொல்லிட்டு ஏன் அட்மிட் பண்றாங்க? பில் போடத்தானே?"

கோபம் புரிகிறது, சில இடங்களில் சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் காத்திருக்கச் சொல்வது சரி. ஈ.சி.ஜி. என்பது அந்தச் சில விநாடிகளின் படம். மாரடைப்பு தொடங்கிய சமயத்தில் அது சுத்தமாகவே இருக்கலாம், அதனால் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதம் கசியும், அது கூடித் தெரிய நேரம் ஆகும். அதனால் முதலில் ஒன்று, பிறகு பரிசோதனையின் நுட்பத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பதில். வலி தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொன்னால் இந்தக் கணக்கு சுலபம். 'நேத்துலேர்ந்து' என்பதைவிட 'ராத்திரி எட்டு மணிக்குச் சீரியல் பார்க்கும்போது' என்பது பல மடங்கு உதவும்.

13. "போன மாசம்தான் மாஸ்டர் செக்கப், டிரெட்மில் எல்லாம் நார்மல். இப்போ எப்படி வரும்?"

டிரெட்மில் சோதனை பெரிய அடைப்பைத்தான் காட்டிக் கொடுக்கும். பல மாரடைப்புகள் பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருபவை. நேற்று நார்மல் என்பது இன்றைய வலிக்குப் பதில் ஆகாது. இதே காரணத்தால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் வேறு இடத்தில் வரலாம். ஸ்டென்ட் வைத்தவர் பல்லைப் பிடுங்கவோ வேறு எதற்கோ ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தியிருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

14. "வேகமா இருமினா அட்டாக் நின்னுடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

நிற்காது. மருத்துவமனைப் படுக்கையில், மானிட்டர் பார்த்துக்கொண்டே, டாக்டர் சொல்லச் சொல்ல, இதயத் துடிப்பு தடம் மாறும் சில நொடிகளுக்கு மட்டும் செய்யும் உத்தியை யாரோ வீட்டு வைத்தியமாக மாற்றிவிட்டார்கள். பொதுமக்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க இதய சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருமும் நேரத்தில் போனை எடுக்கலாம். மிளகாய்த் தூள் கலந்த வெந்நீரும் இதே ரகம்.

15. "அப்பா போனதிலேர்ந்து அம்மா நெஞ்சு குத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. மனசு கஷ்டம்தானே?"

இருக்கலாம். துக்கமும் பயமும் நிஜமான வலியைத் தரும், படபடப்பும் மூச்சு முட்டலும் சேரும். ஆனால் இதுவரை அப்படி எதுவும் இல்லாதவருக்கு அறுபதுக்கு மேல் புதிதாக வந்தால் உடம்பை முழுக்கப் பார்த்த பிறகுதான் மனசு என்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பெரிய அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் கீழ்ப்பகுதி தற்காலிகமாகச் செயலிழந்து மாரடைப்பு போலவே வலியும் ஈ.சி.ஜி. மாற்றமும் வரும் நோயும் உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் ஆரம்ப நாட்களில் கண்காணிப்பு வேண்டும். காரியம் முடியட்டும், பதினாறு முடியட்டும் என்று வலியைத் தள்ளிப்போட்டு வருபவர்கள் உண்டு. வேண்டாம்.

16. "நான் துபாய்ல இருக்கேன் சிஸ்டர், அம்மா ஊர்ல தனியா. போன்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

போனில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம், அவசரமா இல்லையா என்பதை மட்டும் கண்டுபிடியுங்கள். வீடியோ காலில் பேசுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்கிறார்களா, முகம் வியர்த்திருக்கிறதா, கையை எங்கே எப்படி வைத்துக் காட்டுகிறார்கள் (2-ஆம் பதில்) என்று பாருங்கள். 'வலிக்குதா' என்று கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா' என்றுதான் வரும், அங்கே இருந்து நீங்கள் பதற வேண்டாமே என்று. 'காலைல என்ன சாப்பிட்டீங்க, வாசல் தெளிச்சீங்களா, கடைக்குப் போனீங்களா' என்று கேளுங்கள். வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் படுத்திருந்தால் அதுவே பதில்.

பிறகு பக்கத்து வீட்டுக்காரரை அனுப்புங்கள். வெளிநாட்டிலிருந்து 108-ஐ நேராக அழைப்பதைவிட உள்ளூரில் ஒருவர் அழைத்து வழி சொல்வதுதான் வேகம். யார் அந்த ஒருவர், சாவி யாரிடம், மாத்திரைச் சீட்டு, பழைய ஈ.சி.ஜி., காப்பீட்டு அட்டை எந்த அலமாரியில் என்பதை நல்ல நாளிலேயே பேசி வையுங்கள். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் புதிதில் தெரியும் மாற்றம் பழையதா இன்றையதா என்று டாக்டர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

17. "எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு அனுப்பிட்டாங்க. ஆனா விட்டு விட்டுக் குத்துது. இன்னும் எத்தனை டாக்டரைப் பாக்குறது?"

ஊர் ஊராக டாக்டரை மாற்றுவதைவிட அதே டாக்டரிடம் ஒரு தாளோடு போங்கள். வலி எப்போது, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், என்ன செய்ததும் நின்றது என்று ஒரு வாரம் குறித்தாலே, 5, 7, 8, 9-ஆம் பதில்களில் எது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். வலியின் தன்மை மாறினால், நடக்கும்போது வரத் தொடங்கினால், அது புது வலி. பழைய நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி உங்களை நீங்களே சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

அதுவரை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தொடர்ந்து போடாதீர்கள். டைக்ளோஃபினாக் போன்றவை வயதானவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணாக்கும், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். ரத்தத்தை இளக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு. வேறு வழியில்லை என்றால் பாராசிட்டமால், அதுவும் கல்லீரல் பிரச்சினை இல்லாதவர்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில். அடுத்த தடவை வரும்போது கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். யாரும் திட்ட மாட்டோம்.